கூரைமேல் பனி தள்ளியவன்

அமெரிக்காவின் ஒஹாயோவில் பனி தள்ளும் இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெர்லின் கோப் இருபத்திரண்டு வருடமாக எச்சரிக்கை வாசகம் எழுதுகிறவர். அவர் அப்பா அதே ஆலையில் தகடு வெட்டியவர். வெர்லின்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர். ‘இயந்திரம் நின்ற பிறகும் கத்தி சுழலும். அடைத்த பனியைக் கையால் எடுக்காதீர்கள்’ என்பது அவர் எழுதியது. அதனால் எத்தனை விரல் தப்பியதோ, யாருக்குத் தெரியும்? தப்பிய விரல் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை.

பக்கத்து மேசை டார்லா வேலைக்குச் சேர்ந்து மூன்றே வருடம். போன குளிர்காலத்தில் அவள் எழுதிய ஒற்றை வரி: ‘இந்த இயந்திரத்தைக் கூரைமேல் ஓட்டாதீர்கள்.’ அதை வானொலிக்காரர்கள் அந்த வருடத்தின் மகா அசட்டு எச்சரிக்கையாகத் தேர்ந்தெடுத்துக் கோப்பை கொடுத்தார்கள். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வெர்லினுக்கு வயிறு எரிந்தது. கோப்பையை அவள் மேசையில் வைத்திருந்தாள். அதைப் பார்க்கக் கூடாதென்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியிலும் அதுவே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாதா கோயில் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. தட்டோடு டார்லாவைச் சுற்றிக் கூட்டம்.

“அந்த டொலேடோ ஊர் ஆளு கதையச் சொல்லு டார்லா!”

“அதான், கூரைல ஏறி மெஷின ஓட்டினான். மெஷினோட கீழ விழுந்தான். ‘கூரைல ஓட்டாதேன்னு எங்க எழுதியிருக்கு?’ன்னு கேஸ் போட்டான். ஜெயிச்சுட்டான்!”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. வெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் டொலேடோவில் அப்படி ஒரு ஆள் கிடையாது. அவனைப் பெற்றதே வெர்லின்தான். புது வாசகம் சேர்க்கக் கேட்டால் கம்பெனி வக்கீல் ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார். கட்டம் வெறுமையாக இருந்தால் தாள் திரும்பி வந்துவிடும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், இதே கூரை வாசகத்தைத் தானே எழுதி, காரணம் தோன்றாமல், ‘டொலேடோ, ஒருவர், கூரை, வழக்கு’ என்று கிறுக்கி வைத்தார். அப்போது வாசகம் அச்சாகவில்லை. அந்தத் தாளைத்தான் டார்லா பழைய கோப்பில் கண்டெடுத்திருக்கிறாள்.

வாசகமும் தன்னுடையது, பொய்யும் தன்னுடையது. கோப்பை மட்டும் அவளுடையதா?

எழுந்தார். “அந்தக் கதை பொய். நான் கட்டி விட்டது. வாசகமும் நான் எழுதினதுதான்!”

 சாயம் பூசும் பிரிவில் வேலை செய்யும் கஸ், முட்டைக்கோஸை மென்றபடி சொன்னான்: “யோவ் வெர்லின், பொய்ங்கிறியே! என் மச்சினன் அந்த ஆளு கூட பௌலிங் ஆடியிருக்கான்யா. இன்னும் நொண்டித்தான் நடக்கிறானாம்.”

“அப்படி ஒரு ஆளே கிடையாதுய்யா!”

“எந்தக் கால்ல நொண்டுறான்னு கூட என் மச்சினன் சொல்வான். இடது கால்.”

“வயசானா வயித்தெரிச்சல் வர்றதுதான், உக்காருப்பா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வெர்லின் டார்லாவைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும், அந்தத் தாளில் அவர் கையெழுத்து இருக்கிறது. மறுக்கட்டும், திங்கட்கிழமை தாளை எடுத்து வந்து முகத்தில் அறைகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

டார்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அவர் சொல்றது நெசம். அவர் எழுதி வச்சதத்தான் நான் எடுத்தேன். கோப்பை நியாயமா வெர்லினுக்குத்தான் சேரணும்.”

கூடம் உருகிவிட்டது. கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பாத்தீங்களா பொண்ணோட மனச! கிழவன் மூஞ்சி வாடக் கூடாதுன்னு கோப்பையையே தூக்கிக் குடுக்குது!” எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“நெசமாத்தான் சொல்றேன்!” என்றாள் டார்லா.

கைதட்டல் இன்னும் பலத்தது. அவள் மறுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். இப்போது அவளுடைய நல்ல மனசுக்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது. சுற்றிலும் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, வெர்லினும் கைதட்டினார்.