கூடத்துச் சுவரில் பூவாடைக்காரி

பிரம்மதேசம் கிராமத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். உலக யுத்தம் ஓய்ந்து, சுதந்திரமும் வந்த பிறகு கட்டிய சமுதாயக் கூடத்துச் சுவரில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பெண்களை யாரோ ஒருவர் படமாக எழுதிவிட்டுப் போனார். ஊர்ப் பெண்களையே நிற்க வைத்து எழுதினாராம். நடுவில், இடது கையால் செடியைத் தூக்கிப் பிடித்திருந்தவள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அக்காவின் அம்மா.

அக்காவின் தம்பி சின்னதுரையைப் பெற்ற கையோடு அந்த அம்மா போய்விட்டாள். போட்டோ என்று ஒன்று எடுத்ததில்லை. பூவும் பொட்டுமாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்களெல்லாம் செம்புக்கும் புடவைக்கும் படைப்போம். அக்கா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் கூடத்துக்குப் போய், சுவரில் இருந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைப்பாள். தெய்வத்தை முகமாகவே பார்க்கக் கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மழையில் சுவர் பொரிந்துவிட்டது. படத்தைச் சரிபண்ணும் செலவை ரைஸ்மில் சுப்பராயலு ஏற்றுக்கொண்டார். வேலை முடிகிறவரை குங்குமம் வைக்கக் கூடாது என்றார்கள். அக்காவுக்கு மனசே இல்லை. சின்னதுரைதான் வந்து சத்தியம் பண்ணினான்.

"நான் கூடவே நின்னுக்கினு பாத்துக்கறேங்க்கா. அம்மா மூஞ்சில ஒருத்தனும் கை வைக்க மாட்டான்."

இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. நம்பினாள்.

திறப்பு விழாவன்று குங்குமச் சிமிழோடு போனவள், தூக்கிய கையை அப்படியே இறக்கினாள். சுவரில் இருந்தது சுப்பராயலுவின் அம்மா. செடி வலது கைக்கு மாறியிருந்தது. கீழே புதுக் கல்லில், கூடத் தலைவர் என்று சின்னதுரையின் பெயர்.

பழைய முகம் உதிர்ந்துபோச்சு என்றான் அவன். படத்தைச் சரிபண்ணியவரிடம் நானே கேட்டேன். முகம் நல்லாத்தான் இருந்தது, தலைவர்தான் மாற்றச் சொன்னார் என்றார் அவர், பாவம், விவரம் தெரியாமல். அக்கா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

தை பிறந்ததும் சின்னதுரை மகள் கலைமதிக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். அந்த வீட்டில் பொறந்த பெண்தான் புடவை வாங்கிக் கொண்டுபோக வேண்டும். அழைக்க வந்தவன் நின்றுகொண்டே பேசினான். அக்கா மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு வர்றேன். படையலுக்கு வரல."

"அம்மாவுக்குப் படைக்கிறது, அக்கா. நீ இல்லாம எப்பிடி?"

"உங்கம்மாதான் கூடத்துல நிக்குதே, மில்லுக்காரர் வீட்டு அம்மா. அதுக்கே படைச்சிக்கோ. என் புடவ எங்கம்மாவுக்கு."

அக்கா திட்டவில்லை, அழவும் இல்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவன் பெண்டாட்டி வாங்கின புடவையை வைத்துப் படைத்தார்கள். கூப்பிட்டார்கள் என்று நானும் போனேன். எல்லோரையும் போலக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யாரைக் கும்பிடுகிறேன் என்றுதான் தெரியவில்லை.