தவம் இல்லை, புகை

நான் எடுத்த மியூசிக் வீடியோவைக் கல்லூரியில் காட்டியபோது, "இதெல்லாம் கலையா? கண்காட்சி ஏதாச்சும் போய்ப் பாரு" என்றார் ஓவிய ஆசிரியர். செங்கம் சாலையில் ஒரு கஃபேயில் புகைப்படக் கண்காட்சி நடந்தது. போனேன்.

சுவரில் என் அம்மா! பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் போண்டா கடை போடுபவள், அடுப்பருகே கண்களை மூடி நிற்கிறாள். கீழே தலைப்பு: 'தவம்'.

"என்ன ஒரு அமைதி, பாத்தீங்களா?" என்றார் படமெடுத்தவர்.

"அமைதி இல்லைங்க, அடுப்புப் புகை. கண்ணு எரிஞ்சா மூடித்தான ஆகணும்?"

"கலைய அப்படிப் பாக்கக் கூடாதும்மா."

"அவங்க எங்கம்மாங்க. பேராச்சும் கேட்டீங்களா?"

அவர் தலைப்பு அட்டையை நேராக்கினார். நான் போனில் என் வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டேன். அதே அடுப்பு, அதே அம்மா. கரண்டியால் சட்டியைத் தட்டித் தாளம் போடுகிறாள். பாட்டின் நடுவே, "எண்ணெ தெறிக்குது, தள்ளி நில்லுடி!" என்று என்னை அதட்டுகிறாள். படம் பார்க்க வந்தவர்கள் என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"சவுண்டக் கம்மி பண்ணும்மா" என்றார் அவர்.

பண்ணவில்லை. அம்மாவின் பெயர் வீடியோவின் கடைசியில்தான் வரும். அதுவரை ஓடட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.