கால்குலேட்டருக்குச் சந்தனம் வைத்தேன்

அம்மனைக் கும்பிடும் எல்லோருக்கும் வணக்கம். நான் நூம்பலில் இருக்கிறேன். போன விஜயதசமி அன்று என் படிப்பே போய்விட்டது என்று அழுதேன். கொஞ்சநஞ்ச அழுகை இல்லை. அதிலிருந்து அம்மன் என்னை எப்படிக் கரையேற்றினாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். பத்தாவது வரை நான் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பிறகு ஒரு தேர்வு எழுதி, வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் பெரிய பள்ளி ஒன்றில் ப்ளஸ் ஒன்னுக்கு இலவச இடம் கிடைத்தது. தெருவே கொண்டாடியது. முதல் வாரமே நான் திணற ஆரம்பித்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கே புள்ளியியல் வகுப்பில் எல்லோர் கையிலும் கிராஃபிங் கால்குலேட்டர். திரையில் வரைபடமே போட்டுக் காட்டும். வாங்க வசதியில்லாத எனக்குப் பள்ளியே ஒன்றை இரவல் கொடுத்தது. எண்களை வரிசையாக அடித்து நாலு பட்டன் தட்டினால் சராசரி, திட்டவிலக்கம் எல்லாம் வந்து நிற்கும். எதற்கு அப்புறம் எந்தப் பட்டன் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். "இந்த விடை என்ன சொல்லுது?" என்று மேத்ஸ் மிஸ் கேட்டால் திரையில் இருக்கும் எண்ணையே திரும்பப் படிப்பேன். முதல் இரண்டு தேர்விலும் ஃபெயில். மூன்றாவதிலும் ஃபெயிலானால் இலவச இடம் ரத்து என்று கடிதம் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டில் வேறு என்னவோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பொய்யையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மூன்றாவது தேர்வு விஜயதசமிக்கு மறுநாள். ஆயுதபூஜைக்கு எங்கள் வீட்டில் அப்பாவின் ஸ்பேனர் முதல் அம்மாவின் தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். நான் கால்குலேட்டரையும் பூஜையில் வைத்தேன். என்னைக் காப்பாற்றப் போவது அதுதானே! பன்னீரில் சந்தனத்தைத் தளரக் கரைத்து, பட்டன் பட்டனாகத் தாராளமாக வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. தொடவில்லை.

காலையில் எடுத்து அழுத்தினால் என்டர் பட்டன் உள்ளே போனது, மேலே வரவில்லை. சந்தனம் இறங்கிக் காய்ந்து போயிருந்தது. துணியால் துடைத்தேன். குண்டூசியால் குத்தினேன். அப்பா பிடுங்கிக்கொண்டார்.

"நோண்டாத, ஒடைஞ்சிடப் போவுது. பட்டறை தொறந்தாதான் இத்தக் கயட்ட முடியும்."

பட்டறை திறக்க இன்னும் இரண்டு நாள். பள்ளிப் பொருளும் கெட்டது, தேர்வும் போச்சு, இடமும் போச்சு. இனி எந்தப் பள்ளியில் பாதி வருடத்தில் சேர்ப்பார்கள்?

எல்லையம்மன் கோயிலுக்கு ஓடினேன். கூட்டத்தில் முட்டி மோதி முன்னால் போய், "தாயே, அந்த ஒரு பட்டனை மட்டும் எழுப்பிக் கொடு" என்று கதறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். எழவில்லை. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. உனக்குப் பூஜை செய்யப் போய்த்தானே இந்தக் கதி என்று படத்தைப் பார்த்துச் சண்டை போட்டேன்.

விஜயதசமி அன்று புத்தகத்தைப் பூஜையிலிருந்து எடுத்துக் கொஞ்சமாவது படித்தே ஆக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

"காத்தாலேர்ந்து அழுதுகினே கீறியே, அந்த மிஷின் இல்லாங்காட்டி இன்னா? சாமி முன்னாடி குந்தி ஒரு கணக்கு கையால போட்டுட்டு எந்திரி."

புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. வெறுப்பில், பள்ளிக்குப் போக நான் காத்து நிற்கும் நிமிடங்களை எழுதினேன். பஸ்ஸுக்கு 2, 25, 5, 20, 8. ஷேர் ஆட்டோவுக்கு 10, 12, 14, 11, 13. இரண்டுக்கும் சராசரி பன்னிரண்டுதான். பத்தாவதில் உருப்போட்ட சூத்திரத்தைக் கை தானாக எழுதியது. ஒவ்வொரு எண்ணும் பன்னிரண்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, வகுத்து, மூலம் கண்டேன். பஸ்ஸுக்குத் திட்டவிலக்கம் ஏறக்குறைய ஒன்பது. ஆட்டோவுக்கு ஒன்றரைகூட இல்லை.

பென்சில் நின்றுவிட்டது. இன்றைக்கு பஸ் உடனே வருமா, இருபத்தைந்து நிமிடம் ஆகுமா என்று தினமும் எட்டி எட்டிப் பார்ப்பேனே, அதைத்தான் இந்த ஒன்பது சொல்கிறது! சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை மாதம் தட்டித் தட்டி எடுத்த விடைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று முழுக்கக் கையாலேயே கணக்குப் போட்டேன்.

மறுநாள் மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். "சந்தனமா?" என்று என்னையே பார்த்தார். பிறகு அவசரத்துக்கு வைத்திருந்த வேறொரு கால்குலேட்டரைக் கொடுத்தார். அது வேறு கம்பெனி. பட்டன்கள் எல்லாம் இடம் மாறி இருந்தன. என் மனப்பாடம் ஒன்றுக்கும் உதவாது. "தாயே" என்று மட்டும் சொன்னேன். எதைத் தேடுகிறேன் என்று இப்போது தெரிந்திருந்ததால் மெனுவில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடித்தேன். விடை என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு அரைப் பக்கம் எழுதினேன். ஐம்பதுக்கு முப்பத்தொன்று. இலவச இடம் தப்பியது.

பழைய கால்குலேட்டரை அப்பா பட்டறையில் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். கடித விஷயத்தை வீட்டில் சொல்லி நன்றாகத் திட்டும் வாங்கினேன். இப்போது ப்ளஸ் டூவில் எனக்குப் பிடித்த பாடமே புள்ளியியல்தான். அன்று நான் கேட்டபடி பட்டன் எழுந்திருந்தால், இன்றும் ஒன்றும் புரியாமல் தட்டிக்கொண்டு, எந்தப் பள்ளியில் இருந்திருப்பேனோ!

கேட்டது கிடைக்கவில்லை என்று யாராவது இதைப் படித்துக்கொண்டு அழுதால், ஒன்று சொல்கிறேன். நானும் அவளைத் திட்டியவள்தான். திட்டினாலும் பரவாயில்லை, அவள் முன்னாலேயே உட்காருங்கள். அவள் காது கேட்காதவள் என்று நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.