முத்துச்சிப்பி அலமாரிக்கு ஒரு கும்பிடு

ஐரோப்பாவில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதி மளிகைக் கடையில் மிளகாய்த்தூள் வாங்க வந்த நான், மூலையில் முருகன் படத்தைத் தாங்கி நிற்கும் கறுப்பு அலமாரியைப் பார்த்து அசந்துபோகிறேன். ஐரோப்பியருக்கு விற்கவென்று ஜப்பானில் செய்த பழைய அரக்குப்பூச்சு வேலை. கதவெங்கும் முத்துச்சிப்பியில் இழைத்த கொக்குகள். இரண்டு அருங்காட்சியகம் பார்த்த நிபுணன் அல்லவா நான்? சல்லிசாகத் தட்டிக்கொண்டு போகும் ஆசையில், கால்கள் அசல்தானா என்று பார்க்கத் தரையில் குப்புறப் படுக்கிறேன்.

எழுந்தால், கடைக்காரர் சிரிக்காமல் என் நெற்றியில் திருநீறு பூசிவிடுகிறார்.

"அண்ணை இந்தியாவோ?"

"ஆமாங்க."

"போன கிழமை ஒரு வெள்ளைக்காரரும் இப்பிடித்தான் விழுந்து கும்பிட்டவர். எழும்பினதும் அலுமாரி என்ன விலையெண்டு கேட்டவர்."

விலை கேட்கத் திறந்த வாயை, "முருகா" என்று சொல்லி மூடிக்கொள்கிறேன்.