வளைவுக்கு நேரே

நான் கல்முனைக் கடற்கரையில் கரைவலைக்குத் துணி காட்டுகிறவன். மீன் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று மேட்டில் நின்று பார்த்து, தோணியில் இருப்பவர்களுக்கு வெள்ளைத் துணியை வீசிக் காட்ட வேண்டும். வாய் திறக்கத் தேவையில்லை. கூச்சமுள்ள எனக்கு ஏற்ற தொழில்.

என் மகளுக்கும் அப்படித்தான் காட்டினேன். அவள் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடுகிறவள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் சனங்கள் கத்துவார்கள். அவளும் உடனே பாய்ந்து, முடிவுக்கு முன்பே களைத்துப்போவாள். அதனால் பின்னேரங்களில் அவள் கடற்கரை மணலில் ஓட, நான் தூரத்தில் நின்று, கடைசி நூறு மீற்றர் இருக்கும்போது துணியை வீசுவேன். அதற்குப் பிறகுதான் பாய்வாள். மாகாணப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். கொழும்பில் தேசிய மைதானத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அது கடைசி வருடம்.

"வாப்பா, அங்கயும் வந்து நில்லுங்க. நீங்க காட்டினாத்தான் பாய்வன்" என்றாள்.

"ஓம் புள்ள" என்றேன். வீசிக் காட்ட ஒரு வெள்ளைத் துவாயை எடுத்துக்கொண்டேன்.

போட்டி நாளில், மைதானப் படிக்கட்டுக்குக் கீழே இருட்டான ஒரு வழியால் அவளுடைய டீச்சர் எங்களைக் கூட்டிப்போனார். தைலம் மணத்தது. வெளியே வந்ததும் நின்றுவிட்டேன். செங்கல் நிறத்தில் ஓடுபாதை, நடுவில் புல், நாலு பக்கமும் மேலே மேலே கதிரைகள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள், கரையிலிருந்து நான் பார்க்கும் தோணிக்காரர்களைப் போலச் சின்னதாகத் தெரிந்தார்கள்.

டீச்சர் என்னைக் கூரைக்குக் கீழே இருத்திவிட்டு மகளோடு போனார். அங்கிருந்து கடைசி வளைவு சரியாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போக ஒரு இரும்புக் கேற் இருந்தது. அது பூட்டியிருந்தது. காவலாளி சிங்களவர். எனக்குச் சிங்களம் நாலு சொல்தான் தெரியும். எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன்.

பக்கத்துக் கதிரையில் தம்பிலுவில்லில் இருந்து வந்த விவசாயி ஒருவர். அவருடைய மகள் உயரம் பாய வந்திருந்தாள். என் ஊரையும் தொழிலையும் கேட்டுக்கொண்டார்.

"என்ன காக்கா, துவாயோட வந்திருக்கிறீங்க, வலை எங்க?" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

சிரிக்க முடியாமல் விசயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் கேற்றுக்குக் கூட்டிப்போய், காவலாளியோடு சிங்களத்தில் கதைத்தார். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விடுறாராம். ஓட்டம் முடிஞ்ச உடனே வந்திரணுமாம். சத்தம் போடக் கூடாதாம்."

"சத்தம் போட எனக்கு ஏலாது எண்டு சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார். காவலாளி சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

வளைவுக்கு நேரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் ஐந்தாவதாக ஓடினாள். மணி அடித்தது. சனங்கள் கத்தினார்கள். முன்னால் போன மூன்று பிள்ளைகள் பாய்ந்தார்கள். மகள் பாயவில்லை. எதிர்ப்பக்கத்தில் வரும்போதே தலையைத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுகொண்டாள். நான் துவாய் பிடித்த கையைத் தாழ்த்தியே வைத்திருந்தேன். வளைவுக்குள் வந்தபோது மறுபடியும் பார்த்தாள். கை தானாக எழும்பப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன். வளைவு முடிந்து கடைசி நூறு மீற்றர் வந்ததும்தான் வீசினேன்.

அவள் பாய்ந்த பாய்ச்சலை நான் கடற்கரையில் ஒருநாளும் கண்டதில்லை. ஒருத்தியைக் கடந்தாள். அடுத்தவளுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது கோடு வந்துவிட்டது. நாலாவது.

மற்றப் பிள்ளைகள் நிலத்தில் விழுந்து கிடந்தார்கள். என் மகள் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்கு அவ்வளவாக மூச்சு வாங்கவில்லை.

சொன்னபடி கேற்றுக்குத் திரும்பினேன். காவலாளி என்ன நினைத்தாரோ, என்னை ஓடுபாதை ஓரம் வரைக்கும் விட்டார். மகள் வந்தாள்.

"வாப்பா, எனக்கு இன்னும் ஓட ஏலும் போல இரிக்கி" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

நான் செருப்பைக் கழற்றி அந்தச் சிவப்புப் பாதையில் ஒரு காலை வைத்தேன். கால் புதையவில்லை. ரப்பர் போல மெதுவாக மேலே தள்ளியது. மணலில் நூறு மீற்றருக்குத்தான் அவளுக்குப் பலம் மிஞ்சும். இங்கே இருநூறுக்கும் மிஞ்சியிருக்கும். கையை அடக்கியது நான்தான்.

"நான் காட்டப் பிந்திட்டன் மகள்" என்றேன்.

அவள் துவாயை என் கையிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை.