மாலத்தீவுக்கு மாசி

நாளை மகளைத் தூக்கிக்கொண்டு மாலத்தீவு போகிறேன். அவளுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. அங்கே ஓட்டலில் சமையல் வேலை பார்க்கும் அப்பாவை அவள் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"வரும்போது நம்ம அண்ணாச்சி கடையில மாசிக் கருவாடு வாங்கிட்டு வா" என்று அவர் சொல்லியிருந்தார். இன்று மகளோடு போனேன்.

போகிற ஊரைக் கேட்டதும் கடைக்கார அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏளா, மாசியே அங்கன இருந்துதான் இங்கன வருது. உம் மாப்பிள்ளை நெசமாவே அங்கனதான் இருக்கானா?"

அதுவரை எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை. அதற்குப் பிறகு வேறு எண்ணமே ஓடவில்லை.

கடையில் நின்றபடியே வீடியோ கால் போட்டேன்.

"பின்னால என்ன இருக்குன்னு காட்டுங்க."

கடலைக் காட்டினார். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. எனக்கு அது நம் துறைமுகம் மாதிரியே தெரிந்தது.

"கடலு நம்ம ஊர்லயும்தான் இருக்கு" என்றார் அண்ணாச்சி, எட்டிப் பார்த்து.

போனில் அவரிடம் நேராகவே கேட்டேன். "அங்க மாசி கெடைக்காதா?"

"கெடைக்கும். ஆனா பாப்பா தெனமும் சோத்துல பிசைஞ்சு திங்கது அந்தக் கடை மாசிதானே? இங்கன வந்தா ஊரும் புதுசு, அப்பனும் புதுசு. சாப்பாடாவது தெரிஞ்சதா இருக்கட்டும்."

அண்ணாச்சியிடம் அரைக் கிலோ போடச் சொன்னேன். மகள் வழக்கம்போல் போனை இழுத்து அப்பாவை நக்கினாள்.

அண்ணாச்சி நல்ல துண்டுகளாகப் பொறுக்கி எடை போட்டார். ஆனாலும் விடவில்லை.

"எதுக்கும் மூணு பேருமா அங்கன உள்ள மாசிக் கடை முன்னால நின்னு ஒரு போட்டோ அனுப்பு."

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுக்கப்போகும் முதல் போட்டோ அது. நீங்களாக இருந்தால் கருவாட்டுக் கடை முன்னாலா எடுப்பீர்கள்?