அத்தை கேட்ட தக்காளி

கப்பல் தாமதமானால் எங்கள் தீவில் தக்காளி இருக்காது. மெயின்லேண்டிலிருந்து வருகிற பெட்டிகளை நம்பித்தான் எங்கள் ஊரான பாம்பூஃப்ளாட்டில் ரசம் கொதித்தது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அம்மா வெறும் புளியைக் கரைப்பாள். அப்பா தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அப்படி ஒரு பெருமூச்சின் முடிவில்தான், இனி வீட்டிலேயே தக்காளி போடுவது என்று தீர்மானமாயிற்று.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருந்தது. பாக்கு மரங்களின் நிழல் போக, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் வெயில் விழும். ஒரே ஒரு ரகத்துக்குத்தான் இடம். எந்த ரகம் என்பதில் வீடு பிளவுபட்டது. மதுரைப் பக்கத்துக்காரியான அம்மாவுக்கு, மடிப்பு மடிப்பாக, நன்றாகப் புளிக்கும் நாட்டுத் தக்காளி வேண்டும். அப்பாவுக்கு, ஆபீஸில் யாரோ புகழ்ந்த ஹைப்ரிட். எனக்கு, விதைப் பாக்கெட்டின் மேல் படமாக இருந்த மஞ்சள் தக்காளி. இருட்டினால் அது செடியிலேயே விளக்குப் போல எரியும் என்று நானாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தையை யாரும் கேட்கவில்லை. அப்பாவின் அக்கா அவர். தெற்கே கட்சால் தீவில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தவர். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, மாமாவும் இல்லாமல் வீடும் இல்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். மழை மறைத்த எதிர்க்கரையைப் போல, அவர் இருப்பது எனக்குத் தெரியும், உருவம்தான் பிடிபடாது.

மழைக்காலம் ஓய்ந்துகொண்டிருந்த ஒரு மாலை. தூறலுக்கு நடுவே வெயில் அடித்தது. துறைமுகத் தண்ணீர் முழுக்க மஞ்சளாகிவிட்டது. அப்பா தரையில் விதைப் பாக்கெட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். அம்மாவும் அவரும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். அப்போது ஜன்னல் பக்கமிருந்து, திரும்பிப் பார்க்காமலே அத்தை பேசினார்.

“எங்க லயத்துக்குப் பின்னால குட்டித் தக்காளி தானா மொளைக்கும் தம்பி. கோலிக்குண்டு கணக்கா இருக்கும். அது இங்க கெடைக்குமா?”

வாக்குவாதம் அப்படியே நின்றது. அப்பா எழுந்து, குடைகூட எடுக்காமல் வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வீடு வீடாக நின்று, “சோட்டா வாலா டமாட்டர் ஹை க்யா?” என்று இந்தியில் குட்டித் தக்காளி கேட்டார். சிலர் சிரித்தார்கள். படகு ஜெட்டிக்குப் போகும் வழியில் ஒரு பெங்காலி ஆன்ட்டியின் வேலியில் அது படர்ந்து கிடந்தது.

“அரே, யே தோ ஜங்லி ஹை!” என்று, காட்டுச் செடியைப் போய்க் கேட்கிறாரே என்கிற வியப்போடு அவர் கை நிறையப் பறித்துத் தந்தார்.

அப்பா அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறினார். பழங்கள் நசுங்கி, வெள்ளைச் சட்டையில் சிவப்பு பரவிக்கொண்டே வந்தது. அம்மாவிடம் இன்றைக்கு வசமாக மாட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அம்மா சட்டையைப் பார்த்தாள், திட்டாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அத்தை ஜன்னலை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு பழத்தைப் பிதுக்கி மோந்து பார்த்தார். பிறகு விதைகளை ஒரு பழைய துணியில் விரலால் மெல்லப் பரப்பினார். “இது படரும். கம்பு ஊனணும்” என்றார். அப்பா ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலையாட்டினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சமையலறைக்குள் போனேன்.

“உன்னோடதும் இல்ல, அப்பாவோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. அத்தை மட்டும் எப்படிம்மா ஜெயிச்சாங்க?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் முகம் சிரித்தது.

“அத்தை வாயத் தெறந்து ஒண்ணு வேணும்னு கேட்டுட்டாங்கடி” என்றாள்.

நானோ விடிந்ததிலிருந்து படுக்கிறவரை எதையாவது வேண்டும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அதற்காக அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் குடையில்லாமல் ஓடியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததும் இல்லை. இது என்ன நியாயம் என்று யோசித்தபடி வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.